சூடே இல்லாத காய்ச்சல்

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிராசஸர் 0.79-ல் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. துறையூர் வெயிலில் மனுஷனே அரை வேகத்தில்தான் ஓடுகிறான், அதை மட்டும் என்ன குறை சொல்வது? லேப்டாப்பைக் கடையில் கொடுத்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்துகூடப் பார்க்காமல், "விண்டோஸ் போட்டுடலாம் சார், சரியாயிடும்" என்கிறார்கள். கீபோர்டில் காபி கொட்டினாலும் நம் ஊரில் இதே வைத்தியம்தான்.

விஷயம் வேறு. 'பிராக்ஹாட்' என்றொரு சிக்னல் இருக்கிறது. "சூடு தாங்கலை, அடக்கி வாசி" என்று அது சொன்னால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பிராசஸர் சில்லென்று இருந்தாலும் மதர்போர்டின் வேறு மூலையிலிருந்து அந்த சிக்னலைக் கிளப்பிவிடலாம். மேலிடத்து உத்தரவு மாதிரி. யார் போட்டது, ஏன் போட்டது என்று கீழே இருப்பவன் கேட்பதில்லை. சில லேப்டாப்களில் சார்ஜர் முனைக்குள் ஊசி போல ஒரு பின் உண்டு. அது வளைந்துவிட்டால் போதும், சார்ஜர் எத்தனை வாட் என்று மெஷினுக்குப் புரியாது, பயந்து அந்த சிக்னலைக் கிளப்பி ஒடுங்கிவிடும். மலிவு சார்ஜர் மாட்டினாலும் சமயத்தில் இதே கதி.

'த்ராட்டில்ஸ்டாப்' மென்பொருளில் 'பிடி பிராக்ஹாட்' (BD PROCHOT) என்ற டிக்கை எடுத்தால் வேகம் திரும்பிவிடும். அது தற்காலிகம், முறைப்படி அசல் சார்ஜர் வாங்க வேண்டும். துறையூரில் கேட்டால் திருச்சியில் பாருங்க என்பார்கள். திருச்சியில் கேட்டால் ஆன்லைனில் பாருங்க.