ஸ்டெப்னியின் பதவிக்கு வந்த மஞ்சள் விளக்கு

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: அணைய மறுக்கும் டயர் எச்சரிக்கை விளக்கின் தகுதியைச் சரிபார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2020 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட அறிவிக்கைக்கு உரிய பாராட்டு இன்னும் வந்து சேரவில்லை என்ற குறையோடு எழுதுகிறேன். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காரில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று அதில் சொன்னீர்கள். மின்சாரக் காரில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்று காரணமும் காட்டினீர்கள். இடம் கிடைத்தது உண்மை. ஆனால் ரப்பரும் இரும்புமாக டிக்கியில் கிடந்த ஒரு பொருளின் வேலையில் பாதியை, டேஷ்போர்டில் ஆச்சரியக்குறியோடு எரியும் ஒரு மஞ்சள் விளக்கிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பணி நியமனத்துக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பது தங்கள் அலுவலக மரபுதானே. அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

அந்த விளக்கு விடாமல் எரிவதற்குக் காரணம் ஒன்றல்ல. காற்று நிஜமாகவே குறைந்திருக்கலாம். ரிம்முக்குள் வால்வோடு இணைந்த சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். டயரைக் கழற்றும்போது கம்பி பட்டுச் சென்சாரே உடைந்திருக்கலாம். டயரை இடம் மாற்றிய பிறகு கருவிக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. விளக்கு மட்டும் ஒன்றே. என்ன மனுவோடு போனாலும் ‘நாளைக்கு வாங்க’ என்று ஒரே பதில் சொல்லும் எழுத்தரைப் போல அது எரிந்துகொண்டிருக்கிறது. பல கார்களில் கருவிக்கே கோளாறு என்றால் விளக்கு ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரியும். காற்றுக் குறைவென்றால் சிமிட்டாது. வித்தியாசம் அவ்வளவுதான். காரைக் கிளப்பிய முதல் நிமிடத்தில் ஓட்டுநர் பெல்ட் போட்டு, கேட்டைத் தாண்டி, குறுக்கே வரும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் யோசிக்கவில்லை. வெப்பம் வேறு விளையாடுகிறது. ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். மதியம் நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய டயருக்குப் பெட்ரோல் பங்கில் அளவு பார்த்துப் பிடித்த காற்று விடியற்காலையில் அதே அளவில் இருக்காது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. பங்கில் அதை யார் எழுதிவைக்கிறார்கள்?

பேட்டரியே தேவைப்படாத வகையும் உண்டே என்று தங்கள் அதிகாரிகள் குறிப்பெழுதலாம். உண்டு. ஏ.பி.எஸ். காட்டும் சக்கர வேகத்தை வைத்துக் காற்றுக் குறைவை ஊகிக்கும் வகை அது. அதில் ரீசெட் பொத்தானை அழுத்தும்போது டயரில் எவ்வளவு காற்று இருக்கிறதோ, அதுவே சரியான அளவென்று பதிவாகிவிடும். காற்றே பிடிக்காமல் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு அணையும். குறைவையே இயல்பென்று அறிவித்துக் குறையை ஒழிக்கும் இந்த முறை அரசுத் துறைகளுக்குப் புதிதல்ல என்பதால் விளக்கிச் சொல்லவில்லை.

இந்த விளக்கு எதற்காகப் பிறந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் டயர் பிய்ந்து உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயர் எச்சரிக்கை விளக்கைக் கோரும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. 2002இல் அங்குள்ள பாதுகாப்பு நிர்வாகம் கார் நிறுவனங்களுக்கு வசதியாக ஒரு தளர்வான மாற்றுவழியையும் அனுமதித்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2003இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 2005இல் வந்த விதி, எந்த டயரில் காற்று 25 சதவீதம் குறைந்தாலும் 20 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், தனக்கே கோளாறு என்றாலும் சொல்ல வேண்டும் என்றது. அத்தனை வழக்காடிய பிறகும் அந்த விளக்குக்கு அங்கே கொடுத்த வேலை, ‘இறங்கிப் போய் டயரைப் பார்’ என்று சொல்வது மட்டுமே. டயருக்குப் பதிலாக உட்காரச் சொல்லவில்லை.

விளக்கால் பலனே இல்லை என்று நான் வாதிடவில்லை. காற்று மிகக் குறைந்த டயரோடு ஓடும் வண்டிகளை அது பாதிக்கு மேல் குறைத்ததாக அமெரிக்க அரசின் 2012 ஆய்வு சொல்கிறது. நம்பப்படும்வரை அது உயிர்காக்கும் கருவிதான். சிக்கல் அந்த நம்பிக்கையின் ஆயுளில் இருக்கிறது. சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு ஓடும். பிசினில் புதைத்து மூடியிருப்பதால் பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். தாங்கள் தரும் பதிவுச் சான்றோ 15 ஆண்டு செல்லும். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கார் இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிருக்கும். விளக்கு ஓயாமல் எரியும். வாங்கியவர் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். பராமரிப்பது உரிமையாளர் பொறுப்பு என்பீர்கள். சரி. புகைக்குச் சான்று கேட்கும் அரசு, ஸ்டெப்னிக்கு ஈடாகத் தானே ஏற்றுக்கொண்ட கருவி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

பஞ்சர் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள பசை, தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய சிறு துளையை அடைக்கும். பள்ளத்தின் விளிம்பில் மோதிப் பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்தப் பசையும் ஒட்டாது. நம் சாலைகளில் பள்ளங்களைத் தயாரிக்கும் துறைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்பதைத் தாங்களே அறிவீர்கள். போதாக்குறைக்கு, சில பசைகள் சென்சாரின் துளையையும் அடைத்துவிடும். டயர் ஊதி நின்றாலும் விளக்கு எரியும்.

ஆகவே ஸ்டெப்னி இல்லாமல் விற்கும் ஒவ்வொரு காரிலும் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்பது எண்ணாகவும், கருவியின் கோளாறு எழுத்தாகவும் தனித்தனியே தெரிய வேண்டும் என்று விதி செய்யுங்கள். பதிவு செல்லும் 15 ஆண்டும் சென்சார் நியாய விலையில் கிடைப்பதைத் தயாரிப்பாளரின் கடமையாக்குங்கள். இவை இரண்டும் முடியாதென்றால் ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாலை வரி செலுத்துவோரில் ஒருவர்