லெடாங் மலையில் கூடாரம் போட எளிய வழிகள்

குனோங் லெடாங்கின் உச்சி ஜொகூர் பக்கம் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். மலாக்கா பக்கத்து அசகான், ஜாசின் தோட்டக்காரர்களுக்கு அது வீட்டுக் கொல்லை மாதிரி. உயரம் 1,276 மீட்டர்தான். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அந்தப் பரம்பரை நீங்கள். ஆகவே கார் நிறுத்திய இடத்திலேயே “இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?” என்று ரேஞ்சரைக் கேட்க ஆரம்பிக்கலாம்.

சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. குக்கர், அம்மிக்குழவி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கரோக்கே பெட்டி எல்லாம் வேண்டும். தூக்க அக்காள் மகன் இருக்கிறான்.

கூடாரத்தை ஆற்றுக்குள் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி போடுங்கள். மேலே மழை பிடித்தால் தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும். “கெப்பாலா ஆயிர்!” (திடீர் வெள்ளம்) என்று யாராவது கத்துவார்கள். மற்றவர்கள் மேட்டுக்கு ஓடுவார்கள்; நீங்கள் செல்ஃபி எடுங்கள்.

காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுவது கோழைகள் பழக்கம். அரைக்கால் சட்டை போதும். பாதையோர இலையில் அட்டை உடம்பை நீட்டி, ஆள் வரும் வாடைக்குத் தலையை ஆட்டியபடி காத்திருக்கும். பசியோடு இருப்பதை ஏமாற்றலாமா? கோடாலித் தைலம் தடவுவதற்கு முன் சற்று யோசியுங்கள்.

குடிதண்ணீர் மறந்துவிட்டதா? 1854இல் இந்த மலையேறிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், குடுவைச் செடியில் தேங்கி, பூச்சி மிதந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றாகவே இருந்தது என்று எழுதினார். மாமியாருக்கு அதிலேயே மைலோ கலக்கலாம். (இன்று செடியைத் தொட்டால் ரேஞ்சர் விடமாட்டார். அதனால் மாமியார் தப்பித்தார்.)

ராத்திரி லெடாங் இளவரசி கதையை எடுத்துவிடுங்கள். பெண் கேட்ட சுல்தானிடம் மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கப்பாலம், வெள்ளிப்பாலம் கேட்டாள். ஏழு தட்டுக் கொசு நெஞ்சும் கேட்டாள். கடைசியில் சுல்தானின் மகனான இளவரசனின் ஒரு கிண்ண ரத்தம் என்றதும் சுல்தான் பின்வாங்கினார். அவர் உங்கள் கூடாரத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்தால், கொசு நெஞ்சாவது விடிவதற்குள் தேறியிருக்கும்.

இறங்கும்போது வாசலில், கொண்டுபோன சாமான் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். பொட்டலம், டின், பிளாஸ்டிக் பை, எது குறைந்தாலும் கேள்விதான். அம்மிக்குழவியைக் காணோம் என்றால் அக்காள் மகனைக் காட்டுங்கள்.