களைப்பும் கருணையும்

கேள்வி: எங்கள் சபையின் சார்பில் நோயாளிகளைக் கண்டு ஊழியம் செய்து வருகிறேன். இப்போதெல்லாம் களைப்பு மேலிட்டு, மனத்தில் இரக்கமே ஊறுவதில்லை. என் விசுவாசம் குன்றிவிட்டதோ?

பதில்: விசுவாசத்தைச் சந்தேகிக்குமுன் வயிற்றையும் உறக்கத்தையும் விசாரியுங்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கொண்டுவந்தது பிரசங்கமன்று, சுட்ட அடையும் தண்ணீருமே; அதை உண்டு அவர் மறுபடி உறங்கிப்போனபோதும், தூதன் கோபியாமல் இரண்டாம் முறையும் எழுப்பி உண்பித்தான்.

மாற்கு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்திலோ, உண்ணவும் அவகாசமின்றி இளைத்த சீஷரை இயேசுநாதர் ஓய்வுக்கென்று படகில் அழைத்துச் செல்ல, ஜனங்கள் கால்நடையாகவே முந்திக்கொண்டு கரையில் காத்து நின்றனர். அவர் மனதுருகினார், சீஷரோ மாலையானதும், கூட்டத்தை அனுப்பிவிடலாமே என்று நயமாக யோசனை சொன்னார்கள். களைப்பு எப்போதும் விவேகத்தின் குரலில்தான் பேசும்! இல்லாததை அவர் கேட்கவில்லை. கையிலிருந்த ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையுமே வாங்கிக்கொண்டார். கூட்டத்தார் எல்லாரும் உண்டபின் மிஞ்சியவை 12 கூடைகள். சீஷரும் 12 பேர். ஆளுக்கொன்று சுமந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதன்பின் அவர் கூட்டத்தை அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலையேறினார் என்பதையும் மறவாதீர்கள். ஆகவே, இன்று உள்ளதைக் கொடுங்கள், நாளை மலையேறுங்கள், ஏறுமுன் அடை சாப்பிடுங்கள்.