கோப்பு இடப்பெயர்வியல்: ஒரு கொல்கத்தா ஆய்வு

தரவுத்தளக் கோப்புகளை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கலையைக் கணினிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்றொரு மூடநம்பிக்கை உலவுகிறது. அதைத் தகர்ப்பதே இந்த ஆய்வின் எளிய நோக்கம்.

முதற்சான்று கொல்கத்தா. 1891 மார்ச் 11 அன்று அங்கே அரசு ஆவணங்களைக் காக்க இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட் தொடங்கப்பட்டது. 1911 டிசம்பர் 12 அன்று டில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. டில்லியில் ஆவணங்களுக்கான புதுக் கட்டடம் 1926இல் தயாரானது. எல்லாம் போய்ச் சேர்ந்து முடிந்தது 1937இல். ஆக, 26 ஆண்டு. இன்றைய நிர்வாகி நடுராத்திரியில் இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்த அனுமதி கேட்டாலே மேலாளர் முகம் சுருங்குகிறது.

இரண்டாம் சான்று, 2013 அக்டோபர். மேற்கு வங்கத் தலைமைச் செயலகம் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து ஆற்றைத் தாண்டி ஹவுராவின் நபான்னாவுக்குக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் வரை தற்காலிகமாக என்றார்கள். பத்தாண்டு தாண்டியும் செயலகம் நபான்னாவில்தான் இருந்தது. கணினி உலகிலும் ‘தற்காலிக’ ஃபோல்டருக்கு இதே ஆயுள்தான் என்பது ஆய்வாளரின் துணிபு.

இனி செய்முறை. மைஎஸ்க்யூஎல் என்றால் முதலில் சேவையை நிறுத்த வேண்டும். குமாஸ்தா எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றினால் பாதி வாக்கியம்தான் போய்ச் சேரும். பிறகு உரிமையாளர் பெயர் மாறாமல் நகலெடுத்து, அமைப்புக் கோப்பில் டேட்டாடிர் என்ற வரியில் புது முகவரி எழுதி, சேவையைக் கிளப்ப வேண்டும்.

கிளம்பாது. பிழை எண் 13, அனுமதி மறுப்பு. உரிமையாளரும் சரி, பாதையும் சரி. சிலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து எல்லோருக்கும் 777 என்று கதவைத் திறந்து விடுவார்கள்; அது திருடனுக்கும் திறந்த கதவு. அதற்குப் பிறகும் பெரும்பாலும் கிளம்பாது. உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்றொரு வாட்ச்மேன் உண்டு. மைஎஸ்க்யூஎல் எந்தெந்த இடத்துக்குப் போகலாம் என்ற பட்டியல் அவர் கையில். புது டிஸ்க் அதில் இல்லை.

சாமர்த்தியசாலிகள் பழைய இடத்தில் சிம்லிங்க் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள்: பழைய பெயர், புது வீடு. கொல்கத்தாவே அப்படித்தான் ஓடுகிறது. பிபிடி பாக் என்று பெயர் மாறிய இடத்துக்கு டல்ஹவுசி என்று சொல்லியே போய்ச் சேரலாம். 2001இல் கல்கத்தா கொல்கத்தா ஆனது. உயர்நீதிமன்றம் இன்னும் ஆங்கிலத்தில் கல்கத்தாதான். விமான நிலையத்தின் குறியீடும் சிசியு.

ஆனால் ஆப்ஆர்மர் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை; சிம்லிங்கைப் பின்தொடர்ந்து கோப்பு உண்மையில் குடியிருக்கும் முகவரியைப் பார்க்கிறார். புது முகவரியை அவருடைய பட்டியலிலும் எழுதி, அதை ஒருமுறை மறுபடி ஏற்றினால்தான் உள்ளே விடுவார்.