வீட்டுக்காரருக்கு ஒரு மாத மொய்

டோக்கியோவில் வாடகைக்கு வீடு பிடிக்கப் போனால், பல இடங்களில் முதலில் மொய் எழுத வேண்டும். 'ரெய்கின்' என்பார்கள். நமக்கு வீடு கொடுக்க மனமிரங்கிய புண்ணியவானுக்கு ஒரு மாத வாடகை காணிக்கை. நம்மூர் மொய்யாவது என்றைக்காவது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். இது போனது போனதுதான். அட்வான்ஸ் தனி, தரகர் கமிஷன் தனி, ஜாமீன் நிற்கும் கம்பெனிக்குத் தனி, தீ இன்சூரன்ஸ் தனி. இவ்வளவும் அழுதுவிட்டு இரண்டு வருஷம் ஒழுங்காகக் குடியிருந்தால், அதற்கும் தண்டம் உண்டு: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை!

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் நம்மவர்கள் திரண்டிருப்பதற்கு அங்குள்ள யூ.ஆர். என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகளும் ஒரு காரணம். அங்கே காணிக்கை, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. என் ஆபீஸுக்கு அது தூரம். மொய் எழுதினேன்.

சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் விளக்கு இல்லை. மாட்டிக்கொள்ளக் கூரையில் ஒரு சாக்கெட் மட்டும். அடுப்பும் நம் செலவு. கேஸ்காரர் நேரில் வந்து திறந்துவிட்டால்தான் வெந்நீர். அறையின் அளவையோ பாய்க் கணக்கில் சொல்கிறார்கள். ஆறு பாய் என்றால் சுமார் பத்து சதுர மீட்டர். என் மாமனார், "அப்போ ஆறு பேர் படுக்கலாம்னு சொல்லுங்க மாப்ளே" என்றார். படுக்கலாம்தான், யாரும் புரண்டு படுக்காமல் இருந்தால்.

ஆனால் அந்தக் குளியல் தொட்டி! பட்டனை அமுக்கினால் சொன்ன அளவுக்கு, சொன்ன சூட்டில் தானே நிரம்பி, தானே நின்று, ஒரு மெட்டு வாசித்து, 'குளியல் தயார்' என்று ஒரு பெண் குரலில் பணிவாக அறிவிக்கிறது. வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான். கட்டடமும் 1981-இல் வந்த நிலநடுக்க விதிகளுக்குப் பிந்தையது என்பதால், பூமி லேசாக ஆடினால் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறேன். ஆமாம், நாங்கள் இரண்டே பேர், புரள இடமுண்டு.

காலி செய்யும்போதுதான் தாளிப்பு வாசனைக்குக் கணக்குப் பார்ப்பார்கள். சுவர்த்தாளில் பெருங்காயம் ஏறிவிட்டால் போகாது. ஆனால் அரசாங்க வழிகாட்டி ஒன்று இருக்கிறது: ஆறு வருஷம் குடியிருந்தால் சுவர்த்தாளின் மதிப்பு தேய்ந்து ஒரு யென்னாகிவிடும். வீட்டுக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். எங்களுக்கு அடுத்த வருஷம் ஆறு முடிகிறது. அதுவரை ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் கடுகு வெடிக்கிறது. "முடியட்டும், வத்தக்குழம்பு வைக்கிறேன்" என்று காத்திருக்கிறாள் மனைவி.