மூன்றாவது றீல்

நுகேகொடையில் வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பம் மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா, 138 பஸ் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், பக்கத்து வளவில் நாய் உண்டா என்றெல்லாம் விசாரிக்கும். சுருள் அண்ணை இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. முன்னறைக்குள் நுழைந்து, யன்னல் இல்லாத சுவர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்பக்கமாகவே பன்னிரண்டு அடி நடப்பார். தூண் எதுவும் முதுகில் இடிக்காவிட்டால் முற்பணம் கொடுத்துவிடுவார்.

இவரைப்போலப் பழைய படச்சுருள் சேர்ப்பவர்கள் நாலைந்து பேரையாவது கொழும்பில் எனக்குத் தெரியும். பெரும்பாலானோர் முன்பு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்தவர்கள். கடற்காற்று தகரப் பெட்டிகளை அரித்ததால்தான் வெள்ளவத்தையை விட்டதாக அண்ணை சொல்வார். புரொஜெக்டர் இரைச்சல் தாங்காமல் மேல்மாடிக்காரர் பொலிசுக்குப் போன கதையை அவருடைய மனைவியான அக்கா சொல்வா.

தியேட்டரில் ஓடும் 35 மில்லிமீற்றர் சுருளை அண்ணை மதிப்பதில்லை. அவருடைய அலுமாரியில் இருப்பவை வீட்டுக்கென்று செய்த சின்னச் சுருள்கள். 1922இல் பதே கொண்டுவந்த ஒன்பதரை மில்லிமீற்றர், அடுத்த ஆண்டு கோடாக்கின் 16, 1932இல் எட்டு, 1965இல் சூப்பர் எட்டு. எம்.ஜி.ஆர். சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்ததும் அதே 1965இல்தான். இந்த இரண்டில் எது பெரிய சம்பவம் என்று மட்டும் அண்ணையிடம் கேட்டுவிடாதீர்கள்.

வீடியோ டெக் வருவதற்கு முந்திய காலத்தில், படமொன்றை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவனுக்குப் பெரும்பாலும் கிடைத்தது சுருக்கம்தான். இருநூறு அடிச் சுருள் சத்தத்தோடு பத்து நிமிடம் ஓடும். 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது கென் பிலிம்ஸ் அதையும் இப்படித்தான் நறுக்கி விற்றது. முழுப்படம் விற்றவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் டட்லியில் டெரான் இருந்தது. அமெரிக்காவில் பழைய ஊமைப் படங்களுக்குப் பிளாக்ஹோக் இருந்தது. ஆனால் முழுப்படம் வாங்க மடியில் கனம் வேண்டும். மூன்று மணிநேரத் தமிழ்ப் படமொன்றைச் சூப்பர் எட்டில் ஏற்றினால் 3,600 அடி வரும், அதாவது பதினெட்டுச் சுருள். ஆகவே உலகத்தின் பெரிய படங்களில் பாதியை அண்ணை பத்து நிமிட அளவிலேயே பார்த்திருக்கிறார். அபிப்பிராயம் சொல்ல அது அவருக்குத் தடையாக இருந்ததில்லை. பேரன் 'ஸ்டார் வார்ஸ்' என்று வாயெடுத்தால், "தம்பி, அதில பத்து நிமிசத்துக்குத்தான் சரக்கு. மிச்சமெல்லாம் இழுவை" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஊரார் சொக்லேட்டும் கோடாலித் தைலமும் கேட்பார்கள். அண்ணை கேட்பது சுருள் ஒட்டும் துளைபோட்ட ரேப். புரொஜெக்டரின் பட்டி அறுந்தால் பஞ்சிகாவத்தைக்குப் போய் மோட்டார்ச் சாமான் கடைகளில் றப்பர் வளையங்களை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பல்புதான் பெரிய வில்லங்கம். அவருடைய எல்மோ புரொஜெக்டருக்கு 15 வோல்ட், 150 வாட் பல்ப் வேண்டும். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கருவிகள் சிலவற்றிலும் இதே பல்புதான் எரிகிறது என்று அறிந்த நாளிலிருந்து, அண்ணைக்கு ஆஸ்பத்திரிகளில் நண்பர்கள் பெருகிவிட்டார்கள். அவருடைய குடல் சுத்தம். ஆனாலும் பரிசோதனை அறைக்குள் எட்டிப் பார்க்காமல் வரமாட்டார்.

அக்காவுக்கு முதலில் நெருப்புப் பயம் இருந்தது. தியேட்டர்களில் ஒருகாலத்தில் ஓடிய நைத்திரேற்றுச் சுருள்தான் பற்றி எரியும், வீட்டுச் சுருள் அசற்றேற்றில் செய்தது, இலகுவில் பற்றாது என்று அண்ணை அவவைத் தேற்றினார். இலகுவில் பற்றாதுதான், ஆனால் புளிக்கும். கொழும்பின் ஈரத்தில் அசற்றேற்று கெட்டு வினாகிரி மணம் விட ஆரம்பிக்கும். ஒரு சுருள் தொடங்கினால் பக்கத்துச் சுருளும் சேர்ந்துகொள்ளும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விருந்தாளி மூக்கைச் சுருக்கி, "அக்கா, அச்சாறு போட்டனீங்களோ?" என்பார். இதற்காகவே சப்பாத்துக் கடைகளில் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளை அண்ணை கேட்டு வாங்குவார். சப்பாத்து வாங்கமாட்டார்.

2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோதும் அவர் ஓயவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சார்ளி சப்ளினை மெழுகுதிரிக்கு முன்னால் பிடித்து, பூதக்கண்ணாடியால் கட்டம் கட்டமாகக் காட்டினார். சூப்பர் எட்டில் ஓரடிக்கு 72 கட்டங்கள். மூன்றாவது அடிக்கு முன்னமே பிள்ளைகள் நித்திரை.

"எங்கட முதல் படமே சின்னச் சுருள்தான்" என்று சொல்லும்போது மட்டும் அண்ணையின் குரல் கொஞ்சம் மாறும். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' அறுபதுகளின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனை படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின என்ற பேச்சும் அதோடு வரும். கொட்டாஞ்சேனையில் எந்தப் பழைய வீடு இடிபட்டாலும் தப்பிய பிரதி ஏதாவது கிடைக்குமோ என்று அண்ணை அங்கே நிற்பதற்கு அதுதான் காரணம். அந்த நேரத்தில் அவரைப் பகிடி பண்ண எனக்கு வாய் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்சி. 'டெக் வந்த பிறகுதான் சனம் படத்தை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் பழகினது' என்று திட்டிக்கொண்டே தொடங்குவார். சுருளின் நுனியைக் கத்தரித்து உள்ளே கொடுத்ததும் கடகடவென்று ஓடும். நாலாம் நிமிடத்தில் பழைய ஒட்டு விட்டுப்போகும். லைற்றைப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் ஒட்டுப்பலகையில் பொருத்தி ரேப்பை அழுத்துவார். அதற்குள் அக்கா தேத்தண்ணியோடு வந்துவிடுவா. நிறம் மங்கிய சுருளென்றால் கடல், வானம், கதாநாயகி எல்லாமே இளஞ்சிவப்பு. அண்ணைக்கு அது உறைப்பதில்லை, ஏனென்றால் படம் ஓடும்போது அவர் சுவரைப் பார்ப்பதே கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் சுருள் வளைந்து துடிக்கும் அந்த ஓரங்குலத்திலேயே கண் இருக்கும். நாற்பது வருடமாகப் படம் சேர்க்கும் இவருக்குப் படம் பார்ப்பதில் நாட்டம் இல்லை என்பதுதான் என் முடிவு.

அவரிடமுள்ள ஒரேயொரு முழுநீளப்படம் ஐந்து றீல் கௌபோய் படம். முழுநீளம் என்பது அண்ணையின் கணக்கு. மூன்றாவது றீல் இல்லை. இரண்டாவது முடியும்போது கதாநாயகன் சிறையில் இருப்பான். நாலாவது தொடங்கும்போது அவனே ஷெரீப். வழக்கமாக வரும் பென்சன்காரர் ஒருவர், "இடையில ஒரு எலெக்‌ஷன் வந்திருக்கும்" என்று விளக்கம் சொல்வார். எல்லாருக்கும் திருப்தி.

அந்த மூன்றாவது றீல் கொட்டாஞ்சேனையில் இருக்கும் இன்னொரு சுருள் அண்ணையிடம் இருக்கிறது. அந்தப் படத்தில் அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். விற்கமாட்டார். இவரும் மற்ற நாலையும் கொடுக்கமாட்டார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து யார் வந்தாலும் அண்ணை அக்கறையாக விசாரிப்பார்.

"அவருக்குச் சீனி வருத்தம் இப்ப எப்பிடியாம்?"

"நல்லாய் இறங்கிட்டுதாம், அண்ணை. விடிய வெள்ளன எழும்பி நடக்கிறாராம்."

"சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, அண்ணை நாலாவது றீலை மாட்டப் போவார்.