உப்பில் போட்டாலும் சுருங்காதது

கேள்வி: உப்பில் போட்ட மாங்காய் ஒரே நாளில் சுருங்கிவிடுகிறது. சிறுநீரகத்துக்குள் அவ்வளவு உப்பு இருந்தும் அங்கிருக்கும் செல்கள் எப்படிச் சுருங்காமல் இருக்கின்றன?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அவையும் முதலில் சுருங்கத்தான் செய்யும். ஆனால் மாங்காயைப் போல ‘விதி விட்ட வழி’ என்று கிடக்காது.

ரத்தத்தின் கரைபொருள் அடர்த்தி சுமார் 290 மில்லியாஸ்மோல். நீங்கள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் அலைந்த நாளில், சிறுநீரகத்தின் ஆழ்பகுதியான உள்மெடுல்லாவில் அது 1200 வரை ஏறும். அதில் யூரியாவின் பங்கும் கணிசம். அங்கே சுருங்கிய செல் உடனே வெளியிலுள்ள உப்பையே உள்ளே இழுக்கும். கூடவே தண்ணீரும் வரும், பழைய பருமன் திரும்பும். ஆனால், உள்ளே உப்பு ஏறினால் புரதங்கள் முரண்டு பிடிக்கும். எனவே ‘டான்-ஈபிபி’ என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. உப்புக்குப் பதிலாக, குளுக்கோஸிலிருந்து சார்பிட்டால் தயாராகிறது (ஆம், சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் அதே சரக்குதான்!). பீட்டெய்ன், இனோசிட்டால், டாரின் மூன்றும் வெளியிலிருந்து வருகின்றன. இவை எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களுக்குத் தொல்லை இல்லை. யூரியாவைச் சமாளிக்க கிளிசரோபாஸ்போகோலின் என்று வாயில் நுழையாத பெயரில் தனி ஆள் உண்டு.

இத்தனையும் சேர மணிக்கணக்கு, சிலவற்றுக்கு நாள்கணக்கு ஆகும். நீங்கள் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தால், செல் உப்பி வெடிக்காதிருக்க, சேர்த்ததைச் சில நிமிடங்களிலேயே வெளியே தள்ளத் தொடங்கிவிடும்.

டாரின் என்றதும் எனர்ஜி டிரிங்க் வாங்கக் கிளம்பாதீர்கள். அதை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, விலையில்லாமல்.